கோடு போட்டவர்கள்

எங்கள் ஆபீசில் முதலாளியின் அறைக்குக் கதவு கிடையாது. ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில், பழைய தோல் குடோனின் மாடியை வாடகைக்கு எடுத்த முதல் நாளே வில்சன் சார் அந்தக் கதவைக் கழற்றி, நாலு கால் அடித்து, கூடத்தின் நடுவே சாப்பாட்டு மேஜையாகப் போட்டுவிட்டார். "கதவ சாத்திக்கினு பேசற ஆபீஸ்ல நான் பதினோரு வருஷம் இருந்துட்டேன். இங்க அது வேணாம்" என்றார். கைப்பிடி இருந்த இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. அதில் எங்களோடு வேலை பார்த்த கோபி தன் ஊறுகாய்ப் புட்டியைச் செருகி வைப்பான். சாயாமல் நிற்கும்.

அது 2000ஆம் ஆண்டு. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், அவருக்கு என்ன நோய், என்ன மருந்து என்று ஒரு கருவியில் பேசிவைப்பார்கள். அந்தக் குரலைக் கேட்டு, டைப் அடித்துத் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. அவர்களுக்கு இரவு தொடங்கும்போது எங்களுக்குப் பொழுது விடியும். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஜெஃப்ரி ஏழு மணிக்கே வந்து மோடத்தோடு மல்லுக்கட்டி எல்லாக் குரல்களையும் இறக்கி வைத்திருப்பான். ஒன்பது மணிக்கு நாங்கள் பதினான்கு பேரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். காலுக்கடியில் தையல் மெஷின் மிதியைப் போல ஒரு பெடல். மிதித்தால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் பதினான்கு பேர் கண்ணுக்குத் தெரியாத துணியைத் தைத்துக்கொண்டிருப்பது போலிருக்கும்.

மழை பெய்தால் கீழே குடோன் சுவரிலிருந்து பழைய தோல் வாசனை எழுந்து மாடிக்கு வரும். என் ஹெட்போனுக்குள் எங்கோ பனி பெய்யும் ஊரின் டாக்டர் ஒருவர் இருமுவார். அவர் சன்னலுக்கு வெளியே வண்டிகள் பனியை அரைத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்கும். அந்த ஊரை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தெருவில் எத்தனை விளக்கு இருக்கும் என்றுகூட எனக்கு ஒரு எண்ணம் இருந்தது.

சுவரில் ஜெஃப்ரி நீலப் பெயின்ட்டில் மூன்று வரி எழுதியிருந்தான். வில்சன் சார் சொல்லச் சொல்ல எழுதியது.

தெரியாததை எழுதாதே, கோடு போடு.
ஒருவர் கோட்டை எல்லோரும் கேட்போம்.
சேர்ந்தவர் யாரையும் விடமாட்டோம்.

கோடு என்றால் டைப் அடிக்கும்போது புரியாத சொல்லின் இடத்தில் விடும் வெறும் கோடு. டாக்டர் முணுமுணுத்திருப்பார், கதவு அடித்திருக்கும், குழந்தை அழுதிருக்கும். எத்தனை முறை கேட்டாலும் புரியாது. அப்போது நாமாக ஒன்றை எழுதிவிடக் கூடாது. கோடு போட்டுவிட வேண்டும், டாக்டரே நிரப்பிக்கொள்வார். வில்சன் சார் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட்ஸ் பிரிவில் வேலை பார்த்தவர். ஒரு தப்பான சொல் எங்கெல்லாம் பயணம் போகும் என்று பார்த்தவர்.

வேலைக்கு ஆள் எடுத்ததும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை முடிந்த நேரத்துக்கு, அறுபது பேர் வந்திருந்தோம். ஒரு டேப்பைப் போட்டார். அதில் பாதி வெறும் இரைச்சல், வேண்டுமென்றே அப்படிப் பதிந்திருந்தார். முக்கால்வாசிப் பேர் தாளை நிரப்பிக் கொடுத்தார்கள். எனக்குப் பக்கத்தில் கறுப்பு புர்கா போட்ட ஒரு பெண் இரண்டே வரி எழுதிவிட்டு, மீதித் தாள் முழுக்கக் கோடாகப் போட்டு, அழாத குறையாகக் கொடுத்தாள். மறுநாள் தேர்வானவர் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. சைரா.

நானும் தேர்வானேன். என் தாளில் ஐந்து கோடு இருந்தது. ஆனால் நியாயப்படி பதினைந்து இருந்திருக்க வேண்டும். மீதிப் பத்தையும் நான் ஊகித்திருந்தேன். ஒன்பது சரியாக அமைந்துவிட்டது. நிறைய நாவல் படித்தவளுக்கு ஒரு வாக்கியம் எங்கே போய் முடியும் என்பது பாதியிலேயே தெரிந்துவிடும், அவ்வளவுதான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. காதில் விழுந்தது என்றே நினைத்தார்கள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு எல்லோரும் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவோம். அதற்குக் கோடு கூட்டம் என்று பெயர். அந்த வாரம் யார் யார் எந்தெந்த இடத்தில் கோடு போட்டார்கள் என்று பார்த்து, அந்தத் துண்டுகளை மட்டும் ஜெஃப்ரி ஸ்பீக்கரில் ஓடவிடுவான். கதவு மேஜையைச் சுற்றி நின்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்போம். வில்சன் சார் வாலாஜாபேட்டையிலிருந்து ரயிலில் வருபவர். சனிக்கிழமையானால் ஆற்காட்டிலிருந்து மக்கன்பேடா வாங்கிவருவார். வாரத்தில் யார் அதிகக் கோடு போட்டிருக்கிறார்களோ அவர்களுக்கு முதல் பேடா. "தெரியலன்னு ஒத்துக்கறதுக்கு தைரியம் வேணும்பா. தைரியத்துக்கு இனிப்பு" என்பார்.

சுவரில் அதற்கு ஒரு சார்ட் இருந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான்தான் எழுதுவேன். சைரா ஏறக்குறைய எல்லா வாரமும் முதலிடம். நான் எப்போதும் கடைசி.

"ரெனிட்டாக்கு பேடாவே கெடையாதா சார்? பாவம், டப்பாவயாவது மோந்து பாக்க குடுங்க" என்பான் கோபி. நாட்றம்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வருபவன். எதற்கும் அடங்காத வாய்.

"அவளுக்கு காது ரெண்டு இல்லடா, நாலு" என்று சைரா தன் பேடாவில் பாதியைப் பிட்டு என் வாயில் திணிப்பாள்.

சைராவின் கணக்கு ஏறியதற்குக் காரணம் ஒரு டாக்டர். ஹால்வர்சன் என்று பெயர். நாங்கள் வெத்தலை டாக்டர் என்போம், வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுவது போல ஒரு குரல். பின்னால் ஒரு சுவர்க்கடிகாரம் டிக் டிக்கென்று அடிக்கும், நடுநடுவே ஒரு நாய் குரைக்கும். அவர் பேசிய பைல் வந்தால் எல்லோரும் பாத்ரூமுக்கு எழுந்து போய்விடுவார்கள். கடைசியில் சைராதான் கையைத் தூக்கினாள். "எங்க மாமுவுக்கு வாதம் வந்து வாய் கோணிக்கினப்பறம் இப்டித்தான் பேசுவாரு. எனக்கு பழக்கம். குடுங்க." அன்றிலிருந்து ஹால்வர்சன் அவளுடையவர். அவர் குழறும் சொற்கள் பத்து என்றால், வேறு யாருக்கும் எட்டு புரியாது. சைராவுக்கு எட்டு புரியும். மீதி இரண்டுக்குக் கோடு போடுவாள்.

பைலின் முடிவில் அவர் "குட் நைட்" என்று சொல்லிவிட்டு நிறுத்துவார். டைப் அடிப்பவர்களுக்கு யாரும் குட் நைட் சொல்வதில்லை. அவர் சொல்வார். இங்கே மணி காலை பதினொன்றாயிருக்கும். சைரா ஹெட்போனுக்குள்ளேயே, "குட் நைட் டாக்டர் சாப்" என்பாள்.

அவள் அப்பா மக்பூல் அகமது, ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் பினிஷிங் பிரிவில் இருந்தவர். அது மூடிய பிறகு வேலூருக்கும் பேரணாம்பட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். வீட்டை ஓட்டியது அம்மா அஜீஸுன்னிசா. கம்பெனிகளிலிருந்து ஷூவின் மேல்பாகத்தை மூட்டையாக வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், அதைக் கையால் தைக்க வேண்டும். மெழுகு நூலை இழுத்து இழுத்து அவள் அம்மாவின் வலது கை விரல்கள் மரத்துப்போயிருந்தன. டம்ளர் பிடித்தால் நழுவும். சைராவின் முதல் சம்பளம் வந்த அன்று வீட்டிலிருந்த ஊசி, நூல், கட்டைவிரலுக்குப் போடும் தோல் உறை எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி பரண்மேல் போட்டுவிட்டாள். "அந்தப் பைய நான் இருக்கற வரைக்கும் எறக்க வுடமாட்டேன். எங்க அம்மிகிட்ட சத்தியம் பண்ணிட்டேன்" என்று என்னிடம் சொன்னாள்.

2001 செப்டம்பருக்குப் பிறகு பைல்கள் குறைந்தன. அமெரிக்காவில் எங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனியை வேறொரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது என்று ஜெஃப்ரி சொன்னான். அக்டோபரில் மதியத்துக்கே வேலை முடிந்துவிடும். கோபி பெடலை மிதித்து மிதித்து, "பைக் ஓட்டறேன், யாராவது லிப்ட் வேணுமா?" என்பான். சிரிப்போம். வில்சன் சார் சிரிக்காமல் அறைக்குள் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கதவு இல்லாததால் அவர் தலையைப் பிடித்துக்கொள்வது எங்களுக்குத் தெரியும்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"ரெனிட்டா, நம்ம கோடு சார்ட் ஆறு மாசத்துக்கு சேத்து ஒரே தாள்ல எழுதி குடும்மா. யாருக்கு எத்தினின்னு."

"அமெரிக்காக்கு அனுப்பவா சார்?"

"ம். கேக்கறாங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் நேர்மையை யாரோ கடல் தாண்டிக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். அதிகக் கோடு போட்டவரில் தொடங்கி வரிசையாக எழுதினேன். சைரா, நானூற்றுப் பன்னிரண்டு. அவள் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு நட்சத்திரம் வரைந்தேன். கடைசியில் என் பெயர், ஒன்பது.

வெள்ளிக்கிழமை சைரா என் தோளைத் தட்டினாள். "ரெனி, இத கொஞ்சம் கேளு. வெத்தல பேஜார் பண்றாரு." அவள் ஹெட்போனின் ஒரு பக்கத்தை என் காதில் வைத்தாள். ஒரு பாட்டிக்கு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை. எத்தனை மில்லிகிராம் என்ற இடத்தில் நாய் குரைத்தது.

"அஞ்சுன்னு போடு" என்றேன். "அவரு எல்லாருக்கும் அஞ்சு தான் சொல்வாரு."

"எல்லாருக்கும் சொல்வாரு. இவங்களுக்கு சொன்னாரா?"

"அம்மா தாயே, கோடே போட்டுக்கோ."

அவள் கோடு போட்டாள். "நானூத்தி பதிமூணு" என்று விரலை மடக்கிக் காட்டினாள். "நாளைக்கும் பேடா எனக்குத்தான்."

சனிக்கிழமை வில்சன் சார் வெறுங்கையோடு வந்தார். மூன்று மணிக்கு எல்லோரையும் மேஜையைச் சுற்றி வரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. ஊறுகாய்ப் புட்டி நின்ற ஓட்டையையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"புது கம்பெனி நமக்கு ஆறு பேருக்குத்தான் வேலை தர்றாங்க. மீதி எட்டு பேர..." அதற்கு மேல் அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

கோபிதான் முதலில் வாயைத் திறந்தான். "சார், ஆறு பேர் வேலைய பதினாலு பேரும் பிரிச்சிக்கலாம் சார். காலைல ஏழு பேரு, மதியம் ஏழு பேரு. சம்பளமும் பாதி போதும். இன்னா சொல்றீங்க எல்லாரும்?" எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

"கேட்டுட்டேன்பா. மூணு வாட்டி கேட்டுட்டேன். ஆறு லாகின் ஐடி தான், ஆறு பேர் தான் உள்ள வர முடியும்னுட்டாங்க. யாருன்னும் அவங்களே..." அவர் என்னைப் பார்த்தார், பிறகு சுவரில் இருந்த சார்ட்டைப் பார்த்தார். "கோடு கம்மியா இருக்கறவங்க."

பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் அந்தச் சார்ட்டைத் திரும்பிப் பார்த்தோம். ஒவ்வொரு வாரமும் எல்லோரும் கைதட்ட நான் எழுதிய எண்கள். மேலே இருப்பவர்கள் எட்டு பேர், கீழே ஆறு பேர். இனி பெயர் சொல்லவே தேவையில்லை.

ஆனாலும் அவர் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல விரும்பினார். அறைக்குள் போய் உட்கார்ந்து முதல் பெயரைக் கூப்பிட்டார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கதவு இல்லை. உள்ளே பேசும் ஒவ்வொரு சொல்லும் கூடத்துக்குக் கேட்கும். கதவு எங்கள் நடுவில், எங்கள் டிபன் பாக்ஸ்களின் அடியில் கிடந்தது.

ஜெஃப்ரிதான் முதலில் தன் இடத்தில் போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அவனைப் பார்த்து ஒவ்வொருவராகப் போய் மாட்டிக்கொண்டோம். கேட்பதற்காகவே வேலைக்கு வந்தவர்கள், கேட்காமலிருக்க அதையே மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தோம். யார் காதிலும் எந்தக் குரலும் ஓடவில்லை.

கோபி போனான். ஹெட்போனைத் தாண்டியும் அவன் குரல் கேட்டது. "நாலாவது பேரு நானு. நாலாவது பேருக்கு பேடா உண்டா சார்?" பிறகு நாற்காலி நகரும் சத்தம். அவன் வெளியே வந்து, புட்டியை ஓட்டையிலிருந்து எடுத்து, மூடியை நன்றாகத் திருகி, பையில் போட்டுக்கொண்டான்.

சைரா கடைசியாகப் போனாள். நான் ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து விலக்கினேன்.

"சார், கோடு போட்டதாலயா?"

அவர் ஒரு தாளை மடிக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க தானே சார் சொன்னீங்க. சுவத்துல எழுதி வெச்சீங்க."

"ஆமாம்மா."

"அப்ப நான் எதையாச்சும் ஊகிச்சி எழுதியிருந்தா, இருந்திருப்பேனா?"

"தெரியலம்மா."

"அப்ப அங்க ஒரு கோடு போட்டுக்கங்க சார்."

நான் எழுந்தேன். அதை யாரும் மறுக்க முடியாது, எழுந்தேன். அந்த அறை வாசலுக்கு எட்டு அடிகூட இருக்காது. உள்ளே போய், சார், என் ஒன்பது பொய், நான் முதல் நாளிலிருந்து ஊகித்துத்தான் எழுதுகிறேன், இருக்க வேண்டியவள் இவள் என்று சொல்ல வேண்டும். வாக்கியம் முழுதாக வாயில் இருந்தது. எங்கே போய் முடியும் என்றும் தெரிந்திருந்தது. அதனால்தானோ என்னவோ, என் கால்கள் பாதி வழியில் திரும்பின. தண்ணீர்ப் பானைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். தாகமே இல்லை. இன்னொரு டம்ளர் குடித்தேன். அதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள்.

என் நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்த அவளுடைய புர்காவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "வெத்தலைய பாத்துக்கோ" என்றாள். "மாத்திரை பேர சொல்றப்ப மட்டும் மூக்கால பேசுவாரு. பெடல லேசா மிதி." படியில் இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஒரு தச்சர் வந்தார். மேஜையின் நாலு காலையும் பிடுங்கி, கதவைப் பழைய இடத்திலேயே மாட்டினார். குழம்புக் கறையும் சூடான பாத்திரம் வைத்த வட்டங்களும் அப்படியே இருந்தன. கதவு உப்பியிருந்தது, முழுதாகச் சாத்தவில்லை. நாங்கள் ஆறு பேரும் அவரவர் இடத்திலேயே சாப்பிட்டோம். சுவரில் விடமாட்டோம் என்ற மூன்றாவது வரியை யாரும் அழிக்கவில்லை. அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டினார்கள்.

ஹால்வர்சனின் பைல்கள் எனக்கு வந்தன. பெடலை லேசாக மிதித்தேன். பத்துக்கு ஐந்து புரிந்தது. மீதியை நான் எப்போதும் செய்வது போலவே செய்தேன். வாரக் கடைசியில் என் பெயருக்கு நேரே இரண்டு கோடுதான் இருந்தது. புது கம்பெனியிலிருந்து எங்கள் ஆபீசுக்குப் பாராட்டி ஒரு மெயில் வந்தது.

சைரா போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை. ஹால்வர்சன் ஒரு முதுகுவலிக்காரரைப் பற்றிப் பேசி முடித்தார். குட் நைட்டுக்காகக் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. கடிகாரம் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக, எனக்குக்கூடப் புரியும்படி, ஒவ்வொரு சொல்லாகப் பேசத் தொடங்கினார். இது அறிக்கைக்கு இல்லை, இதை டைப் அடிப்பவருக்கு என்றார்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு மூதாட்டியின் அறிக்கையில் மாத்திரையின் அளவுக்கு நீங்கள் கோடு போட்டிருந்தீர்கள். என்னுடைய குரலை நானே திரும்பக் கேட்டேன். எனக்கும் புரியவில்லை. அவருடைய பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். அவருக்கு இரண்டரைதான். ஐந்து என்று வந்திருந்தால் நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருப்பேன். எனக்கு எழுபது வயதாகிறது, களைப்பாயிருக்கிறேன். நீங்கள் வருவதற்கு முன் இத்தனை வருஷமும் எனக்கு வந்த அறிக்கைகள் எப்போதும் முழுதாகவே இருந்தன. நான் அவ்வளவு தெளிவாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கோடுகளுக்கு நன்றி. குட் நைட், என்...

அங்கே நாய் குரைத்தது. என் என்ன என்பது கேட்கவில்லை. பதிவு முடிந்துவிட்டது.

நான் பெடலிலிருந்து காலை எடுத்தேன். அஞ்சுன்னு போடு. என் குரல் எனக்கே கேட்டது. இரண்டு வருஷத்தில் நான் எத்தனை இடத்தில் அப்படிப் போட்டிருப்பேன்? அந்த இடங்களில் யார் யார் இருந்தார்கள்? நான் விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்த அந்தத் தெருவில், எந்த வீட்டில், எந்தக் கட்டிலில்? எனக்குப் பதில் தெரியாது, யாரும் ஒருநாளும் சொல்லப்போவதில்லை.

வில்சன் சாரைக் கூப்பிட்டேன். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கழற்றவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "அவ ஐடிய மூடிட்டாங்கம்மா. திரும்ப தொறக்க மாட்டாங்க" என்றார், நான் கேட்காத கேள்விக்கு. "நீ போய் சொல்லு அவகிட்ட."

"நீங்க சொல்லுங்க சார்."

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்வேன்?" அறைக்குப் போனார். கதவைச் சாத்தினார். அது சாத்திக்கொள்ளாமல் ஒரு கை அளவு திறந்தே நின்றது.

மதியம் பர்மிஷன் போட்டுவிட்டு ரயில்வே கேட் தாண்டி சைரா வீட்டுக்கு நடந்தேன். அஜீஸுன்னிசா அம்மாதான் கதவைத் திறந்தார். "வாம்மா. உன் தோஸ்த் வந்துக்கீது பாரு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். அவர் வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார்.

சைரா கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் மேல்பாகங்கள் நிறைந்த சாக்கு மூட்டை, இன்னொரு பக்கம் தைத்து முடித்த குவியல், எல்லாம் பழுப்பு நிறத்தில். கட்டைவிரலில் தோல் உறை. பரண்மேலிருந்த அந்தப் பை காலியாகப் பக்கத்தில் கிடந்தது.

"எப்டி கீற? ஒக்காரு. அங்க ஒக்காராத, மெழுகு ஒட்டிக்கும்."

நான் உட்கார்ந்தேன். சொல்ல வந்ததற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.

"சைரா, நான் ஊகிச்சித்தான் எழுதுவேன். மொத நாள்லேர்ந்து. சார்ட்ல இருந்த அந்த ஒம்பது பொய்."

அவள் நூலை நீளமாக இழுத்தாள். "பக்கத்து சீட்ல ரெண்டு வருஷம் ஒக்காந்திருக்கேன். எனக்கு தெரியாதா?"

"ஏன் சொல்லல?"

"நான் ஏன் சொல்லணும்? நீ சொல்லுவேன்னு பாத்தேன். அன்னிக்கு எழுந்தியே. நாற்காலி சத்தம் கேட்டுச்சி. அப்பறம் டம்ளர் சத்தமும் கேட்டுச்சி."

நான் கீழே கிடந்த ஒரு நூல்துண்டை எடுத்து விரலில் சுற்றினேன்.

"பயந்துட்டியா?"

"ஆமா."

"இப்ப பயம் போய்டுச்சா?"

"இல்ல. இப்ப சொன்னா வேல போகாதுன்னு தெரியும். அதான் சொல்றேன்."

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இது மட்டும் ஊகம் இல்ல" என்றாள். சிரிக்கவில்லை.

ஹால்வர்சன் பேசியதைச் சொன்னேன். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "இரு. மொதல்லேர்ந்து சொல்லு. அவர் சொன்ன மாதிரியே சொல்லு." இங்கிலீஷில், அவர் வார்த்தைகளிலேயே, அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்திச் சொன்னேன். மூதாட்டி, இரண்டரை, எழுபது வயது, களைப்பு. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவள் வலது கால் தரையில் லேசாக அழுந்தி, எடுத்து, மறுபடி அழுந்தியது. பெடல் இருக்க வேண்டிய இடத்தில்.

"குட் நைட் சொன்னாரா?"

"சொன்னாரு. குட் நைட், என் அப்டின்னு சொல்லிட்டு இன்னோரு வார்த்த. நாய் குரைச்சிடுச்சி."

"எத்தினி வாட்டி கேட்ட?"

"பதினெட்டு."

"உனக்கு இன்னான்னு தோணிச்சி?"

எனக்கு எத்தனையோ தோன்றியிருந்தது. வழியெல்லாம் அதையேதான் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். என் மகளே. என் தோழியே. என் குழந்தாய். எதைச் சொன்னாலும் பொருந்தியிருக்கும். அவள் முகம் அதற்காகக் காத்திருந்தது. ஒரே ஒரு சொல்லைச் சொன்னால் அந்த மூட்டைக்கும் அந்தக் குவியலுக்கும் நடுவில் அவளுக்கு ஒன்று இருந்திருக்கும். எந்தச் சொல் என்றும் எனக்குத் தெரியும்.

"தெரியல" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். கண்ணீர் இறங்கியதை உறை போட்ட விரலால் துடைத்தாள். கன்னத்தில் மெழுகு தீற்றியது.

"சரி. கோடு போட்டுடு" என்றாள்.

அவள் அம்மா டீ கொண்டுவந்தார், இடது கையால், தளும்பத் தளும்ப. குடித்தேன். சைரா அடுத்த ஜோடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஊசி தோலுக்குள் போகும்போது சின்னதாக ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டபடி இருந்தேன். எழுந்துகொண்டபோது வாசல்வரை வந்தாள்.

"இனிமே வராத ரெனி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நீ வந்தா காதுல அந்த கடிகாரம் ஓடுது. இந்த தையல் தப்பா பூடுது."

ரயில்வே கேட் மூடியிருந்தது. சென்னை போகும் வண்டி ஒன்று கடந்துபோகும் வரை நின்றேன். ஆபீசுக்குத் திரும்பியபோது ஹால்வர்சனின் அடுத்த பைல் காத்திருந்தது. பெடலை லேசாக மிதித்தேன். மூன்றாவது வரியில் ஒரு சொல் புரியவில்லை. எனக்கு உடனே ஒன்று தோன்றியது. அதை எழுதவில்லை. கோடு போட்டேன். அடுத்த வரியிலும் ஒன்று. அந்தப் பக்கம் முடிந்தபோது பதினேழு இருந்தது. மறுநாள் முப்பத்தொன்று.

சனிக்கிழமை மூன்று மணிக்கு, கோடு கூட்டத்துப் பழக்கத்தில், பெடலிலிருந்து காலை எடுத்தேன். மற்ற ஐந்து பேரும் ஹெட்போனோடு குனிந்து டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள்.